வாயசைத்த பேய்கள்

பேயின் உதட்டில் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அழிக்கப் போய்த்தான் அவள் இந்த வம்பில் மாட்டிக்கொண்டாள். நிஜ முடி இல்லை. எந்தக் காலத்திலோ எவனோ பிலிமைச் சரியாகத் துடைக்காமல் வைத்ததில் பதிந்துபோன முடி. அந்த மாதிரி முடி, தூசி, கீறல், பூஞ்சைப் புள்ளி எல்லாவற்றையும் கணினியில் ஒவ்வொரு பிரேமாகப் பார்த்து அழிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். முடியை எடுத்துவிட்டு அடுத்த பிரேமுக்குப் போனாள். பேயின் உதடு லேசாகத் திறந்திருந்தது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்ததில் நாக்கு நுனி மேல்பல்லைத் தொட்டது. கொட்டாவி என்றுதான் முதலில் நினைத்தாள். இந்தப் படத்தில் நடிக்க வந்த யாருக்குக் கொட்டாவி வந்திருந்தாலும் அவள் குற்றம் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் ஓடவிட்டுப் பார்த்தால் கொட்டாவி இல்லை, பேச்சு. வரிசையில் மூன்றாவதாக நின்ற பெண் பேய், முகம் முழுக்க வெள்ளை மாவோடு, யாரிடமோ எதற்காகவோ மன்றாடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால், திரையின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு, கதாநாயகன் வாயைப் பிளந்து அலறிக்கொண்டிருந்தான்.

படத்தின் பெயர் ‘சாம்பல் மாளிகை’. கறுப்பு வெள்ளை. அவள் அம்மாவுக்கே பல் முளைக்காத காலத்தில் வந்தது. ஒரு பணக்கார வாலிபன் பாழடைந்த மாளிகை ஒன்றை வாங்குகிறான். உள்ளே சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஏழு பேய்கள் நிற்கின்றன. அவன் கத்துகிறான், ஓடுகிறான், வேறு கதவு வழியாகத் திரும்பி வந்து மறுபடி கத்துகிறான். அவ்வளவுதான் கதை. பயம் வரும்போதெல்லாம் கதாநாயகனின் கை முதலில் தலைக்குப் போகும், கிராப்பு கலைந்துவிட்டதா என்று பார்க்க. வௌவால்களைக் கட்டிய நூல் பளிச்சென்று தெரியும். அதில் ஒரு வௌவால் பின்பக்கமாகப் பறக்கும். பெயர்கள் ஓடும்போது எல்லோருக்கும் கடைசியில், ஒப்பனைக்காரருக்கும் கீழே, பொடி எழுத்தில் ‘மற்றும் நாடகக் குழுவினர்’ என்று வரும். அந்தக் குழுவினர்தான் ஏழு பேய்களும். “அவங்கெல்லாம் சாதாரண ஆளுங்க இல்லம்மா. அவங்க நாடகத்துக்கு எங்கப்பா மத்தியானமே போய் வரிசையில நிப்பாராம்” என்று அடுத்த அறையிலிருந்த சவுண்டண்ணன் சொன்னார். ஊரையே அழவும் சிரிக்கவும் வைத்த ஏழு பேரைக் கூட்டிவந்து, மாவைப் பூசி, சுவரோரமாக நிறுத்திவைத்து, முன்னால் ஒருத்தனைத் தலைவாரவிட்டிருக்கிறார்கள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு எரிந்தது.

அவளுக்கு எரிவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. அலுவலகத்தில் அவளுக்கு ‘வக்கீல்’ என்று பெயர் வைத்ததே அதனால்தான். வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனவள் அவள் ஒருத்திதான். கல்லூரியில் ஒளியைப் பற்றிப் படித்தாள். லென்ஸுக்குள் போகும் வெளிச்சம் எங்கே வளைகிறது, எங்கே சிதறுகிறது என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டாள். மேடையேறிப் பட்டம் வாங்கினாள். அதன்பிறகு ஏறி இறங்கிய படிகளில், “அப்பா என்ன பண்றார்” என்ற கேள்விக்குப் பிறகு எல்லோருடைய பேனாவும் மூடிக்கொண்டது. கிடைத்தது இந்த வேலை. அவளுடைய அம்மா பெரிய பெரிய அலுவலகங்களில் தரை துடைக்கிறவள். “நான் படிக்காம தூசி துடைக்கிறேன். நீ படிச்சுட்டு துடைக்கிற. உனக்கு ஏசி, எனக்கு வாளி, அதான் வித்தியாசம்” என்று சொல்லிவிட்டு, தானே சொன்ன நகைச்சுவைக்குத் தானே சிரிப்பாள். மகளுக்குச் சிரிப்பு வராது. ஆனால் அந்த வேலையில் அவளைப் போல வேகமும் சுத்தமும் வேறு யாருக்கும் வராது என்பது முதலாளிக்குத் தெரியும். அதனால்தான் பேய்கள் வரும் காட்சிகள் எல்லாம் அவள் பங்குக்கு வந்தன.

மூன்றாவது பேய் பேசியதைப் பார்த்த பிறகு அவளால் கதாநாயகனைப் பார்க்க முடியவில்லை. மற்ற பேய்களையும் தேடிப் பார்த்தாள். எல்லாமே பேசின. ஒரு கிழப் பேய் கையைப் பிசைந்துகொண்டு ஏதோ சமாதானம் சொன்னது. ஓரத்தில் நின்ற குண்டுப் பேய் சட்டென்று சிரித்து, சிரித்ததற்காக வருந்தியது. ஆனால் துண்டு துண்டாக, முன்னுக்குப் பின் முரணாக. ஒரு காட்சியில் கோபித்துக்கொண்டு போன பேய், அடுத்த காட்சியில் அப்போதுதான் வந்து வணக்கம் சொன்னது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. படத்தில் காட்சிகள் வரும் வரிசை வேறு, எடுத்த வரிசை வேறு. பிலிமின் ஓரத்தில், அது தயாராகும் தொழிற்சாலையிலேயே பொடி எண்கள் வரிசையாக அச்சாகி வரும். கேமராவில் ஓட ஓட எண் ஏறிக்கொண்டே போகும். அந்த எண்களைப் பார்த்துப் பேய்க் காட்சிகளை எல்லாம் எடுத்த வரிசையில் அடுக்கினாள். சாப்பாட்டு இடைவேளை முழுக்க அதற்கே போயிற்று. பிறகு ஒலியை நிறுத்திவிட்டு ஓடவிட்டாள்.

நாடகம். ஆதியிலிருந்து ஒழுங்காக நடக்கும் ஒரு நாடகம். கதாநாயகன் முன்னால் இங்கும் அங்கும் ஓட, பின்னால் ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டை விட்டுப் போன ஒரு தங்கை இருந்தாள், அவள் திரும்பி வந்திருந்தாள். அண்ணன் முகம் கொடுக்கவில்லை. கிழவர் நடுவில் பேசிப் பார்த்தார். குண்டுக்காரர் பேச்சை மாற்றப் பார்த்தார். டைரக்டர் ‘கட்’ சொன்ன இடத்தில் வசனம் நின்றது. அடுத்து கேமரா ஓடியதும் விட்ட இடத்திலிருந்து, ஒரு மூச்சுகூடத் தவறாமல், தொடர்ந்தது. ஒரு சொல் கேட்கவில்லை. அவளுக்கு எல்லாம் புரிந்தது. பக்கத்து மேஜைக்காரன் வந்து “என்ன, வக்கீல் அழுவுது” என்றான். “உன் வேலையைப் பாரு” என்றாள்.

அதை முதலாளிக்குப் போட்டுக் காட்டினாள். மனுஷன் கெட்டவர் இல்லை. வாடகை கொடுக்க வேண்டியவர். முழுவதும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரத்தில் அவளுக்கு நம்பிக்கை வந்தது.

“நல்லாத்தான் இருக்கு. இதைத்தான் புரொடியூசர் மகனும் சொன்னார். பேயெல்லாம் வாயசைக்குதுன்னு. பழைய பிரதி இருட்டா இருந்ததால யாருக்கும் தெரியல. நாம சுத்தம் பண்ணப் பண்ண பளிச்சுன்னு தெரியுது. மறுபடி வெளியிட்டா நெட்ல கிண்டல் பண்ணியே கொன்னுடுவாங்களாம். மூடுபனி போட்டு மூடிடச் சொல்லிட்டார்.”

“எதை சார் மூடணும்?”

“பேயைத்தான். கழுத்துக்கு மேல. பேய்ப் படம்தானே, பனி இருந்தா எடுப்பாத்தான் இருக்கும். திங்கட்கிழமை காலையில வந்து பார்க்கிறார். நீ போட்டுடு.”

“போட மாட்டேன் சார்.”

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “வக்கீலம்மா. ஆரம்பிச்சுட்டியா.”

“நான் சேர்ந்த அன்னைக்கு நீங்கதான் சொன்னீங்க. அப்புறமா வந்து ஒட்டினதை எடு, அன்னைக்கே அங்க இருந்ததைத் தொடாதேன்னு. தூசி அப்புறம் வந்தது. இவங்க அன்னைக்கே அங்க இருந்தாங்க.”

“வௌவால் நூலும்தான் அன்னைக்கே இருந்துச்சு. அதை எடுத்தியா இல்லையா?”

அவள் எடுத்திருந்தாள். அதுவும் நூல் இருந்த தடமே தெரியாமல்.  

“படம் அவரோடது” என்றார் முதலாளி, குரலைத் தணித்து. “நீ போடலேன்னா பக்கத்துல இருக்கிறவன் போடுவான். அவன் போட்டா அசிங்கமாப் போடுவான். அப்புறம் உன்னை நான் எந்த வேலைக்கு வச்சுக்கறதுன்னு நீயே சொல்லு.”

வீட்டில் சொன்னபோது அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தவில்லை. “செத்தவங்களுக்காகவாடி நீ வேலையை விடப்போற?”

“செத்த மாதிரி வேஷம்தான் போட்டாங்க.”

“வேஷமோ நிஜமோ, அவங்க வந்து நமக்கு சோறு போடப்போறாங்களா?”

“நீ ஒரு ஆபீஸ்ல வேலைக்குப் போனியே, அங்க நீ துடைக்கும்போது மீட்டிங்குக்கு ஆள் வந்துட்டா திரைக்குப் பின்னாடி நிக்கணும்னு சொன்னாங்கன்னு நீதானே சொன்ன. வாளியோட.”

அம்மாவின் கத்தி நின்றது. “அதுக்கும் இதுக்கும் என்ன?”

“நின்னியா?”

“நின்னேன். வேற என்ன பண்ண?” என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். பிறகு, வேறு எதையோ பேசுகிற மாதிரி, “தும்மல் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்” என்றாள்.

தங்கையாக மன்றாடிய அந்த மூன்றாவது பேய் உயிரோடுதான் இருக்கிறது என்று சொன்னவர் சவுண்டண்ணன். பள்ளிக்கூட விழாவுக்கு மகனுக்குச் சிங்க வேஷம் வாடகைக்கு எடுக்கப் போன கடையில் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறார். சுவரில் நாடகப் படங்கள் மாட்டியிருந்ததாம். மறுநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவள் அங்கே போனாள். குறுகிய கடை. கூரையிலிருந்து தேவதைச் சிறகுகளும் கரடித் தோலும் தொங்கின. கல்லாவுக்குப் பின்னால் ஒல்லியான ஒரு அம்மா, வலைத்துணியில் பொய் மீசைக்கு முடி கோத்துக்கொண்டிருந்தார். முதுகு நேராக நிமிர்ந்திருந்ததில் அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூல் வேறு ஏதோ ஆசனம் போலத் தெரிந்தது.

“எந்த வேஷம் வேணும்?”

“வேஷம் வேண்டாங்க. நீங்க நடிச்ச படம் ஒண்ணு. சாம்பல் மாளிகை.”

“நான் எங்க நடிச்சேன்? நின்னேன்.” ஊசி நிற்கவில்லை.

“பேசினீங்க. நான் பார்த்தேன். முழு நாடகமும் பார்த்தேன்.”

இப்போது ஊசி நின்றது. அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, விலை சொல்கிற குரலிலேயே சொன்னார். படப்பிடிப்பு நடந்த அன்று சாயங்காலம் அவர்களுக்கு நாடகம், அரங்கம் நிறைய ஆள். மதியம் விட்டுவிடுவதாகச் சொன்ன டைரக்டர் விடவில்லை. கதாநாயகனுக்குத் தலைமுடி சரியாக வரவில்லை என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். கதவைப் பூட்டி ஆளையும் நிறுத்தியாயிற்று. அரங்கத்தில் ஜனங்கள் நாற்காலியைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். “எங்க குழுவுல ராஜான்னு ஒருத்தர். ராஜா வேஷமே கட்டிக் கட்டி அதுவே பேராயிடுச்சு. அவர்தான் சொன்னார், ஆட்டத்தை இங்கயே ஆடிடுவோம்னு. மைக் கிடையாது, வசனமெல்லாம் அப்புறம் ஸ்டுடியோவுல சேர்க்கிறது. யாருக்குக் கேட்கப்போவுது? ஆடினோம்.”

 மூடுபனி பற்றிச் சொன்னாள். முதலாளி சொன்னதை, தான் மறுத்ததை, திங்கட்கிழமை வரப்போகிறவரை, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். நீங்கள் ஒரு வார்த்தை எழுதிக்கொடுத்தால் போதும், நேரில் வந்தால் இன்னும் நல்லது, ஆட்சேபம் இருக்கிறதென்று சொல்லுங்கள் என்றாள்.

“எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்ல. மூடிடு.”

அவளுக்குக் காது சரியாகக் கேட்டதா என்றிருந்தது.

“அன்னைக்கு நாங்க நல்லா ஆடலம்மா” என்றார் அந்த அம்மா. “நான் அண்ணன் வேஷம் கட்டின ராஜா முதுகுக்குப் பின்னாடி நின்னு மன்னிப்புக் கேட்கிற இடம். அவர் திரும்ப மாட்டார். ஆனா தோள் குலுங்கும். எத்தனையோ மேடையில அந்தத் தோளைப் பார்த்துத்தான் எனக்கு அழுகையே வரும். அன்னைக்கு அந்தாளு கட்டை மாதிரி நின்னான். நான் மட்டும் தனியா, காத்துல கத்திக்கிட்டு இருக்கேன். ஆடிடுவோம்னு சொன்னதும் அவன்தான், பாதியில கைகழுவினதும் அவன்தான். வெளிய வந்ததும் கேட்டேன். பதிலே சொல்லல. அன்னைக்கே குழுவை விட்டேன். அவர் போயும் வருஷமாச்சு. சாவுக்குக்கூட நான் போகல. மோசமா ஆடினதை இப்ப போய் ஊருக்கெல்லாம் காட்டணுமா? மூடு, புண்ணியமாப் போகும்.”

யாருக்காகச் சண்டை போட வந்தாளோ அவரே எதிர்க்கட்சி. எழுந்து வந்திருக்கலாம். நீங்களே சொன்ன பிறகு எனக்கென்ன என்று பனியை அள்ளிக் கொட்டியிருக்கலாம். அவளுக்குக் கோபம்தான் வந்தது. கல்லாமேல் இருந்த மீசைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். “ஒரு தடவை பாருங்க. பார்த்துட்டுச் சொல்லுங்க.”

“பொண்ணே, உனக்கு யார் வீட்டுல மரியாதை சொல்லிக்கொடுத்தது?”

“யாரும் சொல்லிக்கொடுக்கல. பாருங்க.”

அந்த அம்மா பார்த்தார். தொழில்காரியாகத்தான் பார்த்தார். “குண்டன் முன்கூட்டியே சிரிச்சுட்டான்.” “கிழவருக்கு அன்னைக்கு ஜுரம், பாவம்.” “என் கை ஏன் அங்க தொங்குது?” பிறகு அந்த இடம் வந்தது. முன்னால் கதாநாயகன் குனிந்து எதையோ தேட, இடம் திறந்தது. பின்னால் தங்கை நின்றாள். அவளுக்கும் முன்னால், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்தபடி ராஜா. தோள் அசையவில்லை. கழுத்துக்குக் கீழே கல். முகத்தில் மட்டும் எல்லாம் நடந்தது. தாடை இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகியது. தங்கையின் உதடு ஒவ்வொரு சொல்லைச் சொல்லும்போதும் அந்தச் சொல் போய் அந்த முகத்தில் விழுந்தது. மாவுப் பூச்சில் கண்ணிலிருந்து தாடை வரைக்கும் ஒரு கோடு கறுப்பாக இறங்கியிருந்தது. அந்தக் கோட்டைக் கீறல் என்று நினைத்து அவள் அழிக்கப் பார்த்திருந்தாள். பிரேமுக்குப் பிரேம் அது முகத்தோடு சேர்ந்து நகர்ந்ததால்தான் விட்டாள்.

 “திரும்பப் போடு” என்றார். போட்டாள். மூன்றாவது தடவையும் போடச் சொன்னார்.

“அந்த ஷாட்டுல மட்டும் பேய் அசையக் கூடாதுன்னு டைரக்டர் கத்தினான்” என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “அசைஞ்சா அந்த ஷாட்டை வெட்டிடுவேன்னு. அதான் தோளைக் கட்டிப்போட்டுட்டு...”  “சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல. கேட்டேனே, வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல இந்த மனுஷன்.”

கடைக்கு ஒரு பெண் குழந்தையோடு வந்து, சிறகு இருக்கிறதா என்று கேட்டாள். அந்த அம்மா எழுந்து போய்க் கழியால் சிறகை இறக்கிக் கொடுத்து, நனைக்கக் கூடாது என்று எச்சரித்து அனுப்பிவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது, குரலில் ஒன்றும் இல்லை.

“அவரை மூடாதே.”

“உங்களை?”

“நான் அவருக்குப் பின்னாடிதானே நிக்கிறேன். அவரை விட்டுட்டு என்னை மட்டும் எப்படி மூடுவே? படிச்ச பொண்ணுதானே நீ.” மீசையைக் கையில் எடுத்தார். “எழுதியெல்லாம் தர மாட்டேன். வந்து நிக்கவும் மாட்டேன். நின்னது போதும். நீ சொல்றதுன்னா சொல்லு.”

திங்கட்கிழமை காலை அவள் முதலாளியின் அறைக்குப் போய், பனி போடவில்லை, போடப்போவதும் இல்லை, அதைப் புரொடியூசர் மகனிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். முதலாளி அவளைப் பார்த்த பார்வையில் திட்டு பாதி, அயர்ச்சி பாதி. “சொல்லிட்டு உன் பையை எடுத்துக்க மறந்துடாதே” என்றார். அவள் பையை ஏற்கெனவே தோளில்தான் மாட்டியிருந்தாள்.

புரொடியூசர் மகனுக்கே தலை நரைத்திருந்தது. கலகலப்பான ஆள். ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிய அந்தச் சின்னத் திரையிடும் அறைக்குள் வந்து உட்கார்ந்து, “எங்கப்பா எடுத்ததிலேயே மட்டமான படம் இது. அதனாலதான் ஓடும்” என்று சொல்லிச் சிரித்தார். அவள் விளக்கை அணைக்கவில்லை. திரைக்கு முன்னால் போய் நின்றாள். 

“சார், மூடுபனி போடலை. போடச் சொன்னாங்க, நான்தான் போடலை. இந்த ஏழு பேரும் பேசுறது தப்பு இல்ல. அன்னைக்கு உங்கப்பா படத்துல நடந்த ஒரே நடிப்பு அதுதான்.”

கதவோரத்தில் நின்ற முதலாளி இருமினார்.

“யாரு இந்தப் பொண்ணு?” என்றார் புரொடியூசர் மகன், அவளைப் பார்த்துக்கொண்டே முதலாளியிடம்.

“இதைச் சுத்தம் பண்ணவ நான்தான் சார். பத்து நிமிஷம் பாருங்க. ஹீரோவைப் பார்க்காதீங்க, அவருக்குப் பின்னாடி பாருங்க. அப்புறமும் மூடணும்னா வேற யாரையாவது வச்சு மூடிக்கங்க. என் கையால நடக்காது.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போடு என்கிற மாதிரி விரலை அசைத்தார். அவள் எடுத்த வரிசையில் அடுக்கிய துண்டுகளை ஓடவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றாள். அங்கிருந்து திரை சரியாகத் தெரியாது. அவர் முகம்தான் தெரியும், திரையின் வெளிச்சம் பட்டுப் பட்டு மறைய. கதாநாயகன் முதல் தடவை அலறியபோது அவர் சிரித்தார். தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டபோது இன்னும் பலமாகச் சிரித்தார். முதலாளியும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

பிறகு கதாநாயகன் திரையின் இடது ஓரத்துக்கு ஓடினான் என்பது சத்தத்திலிருந்து அவளுக்குத் தெரிந்தது. கதவு இடிபடும் ஓசையும், அவனுடைய ஓலமும் அவன் அந்தப் பக்கக் கதவில் மோதும்போதுதான் வரும். புரொடியூசர் மகனின் கண் இடது பக்கம் போகவில்லை. நடுவிலேயே நின்றது. மெல்ல, யாரோ ஒருவர் மேஜையைச் சுற்றி நடப்பதைத் தொடர்கிற மாதிரி, வலது பக்கம் நகர்ந்தது. நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவருடைய உதடு, அவருக்கே தெரியாமல், லேசாகத் திறந்திருந்தது.